கொண்டை ஊசிக்கு என்ன பங்கு

வணிகவியல் நடத்துகிறவள் என்பதால்
லீக்கின் கணக்கு நோட்டை என் தலையில் கட்டினார்கள்.
நான் பந்தைத் தொட்டு இருபது வருஷம்.
பரவாயில்லை, தொகையைத் தொட்டால் போதும் என்றார்கள்.

பெண்கள் கைப்பந்து. ஆறு கல்லூரி, பதினைந்து ஆட்டம்,
ஆட்டத்துக்கு இரண்டு நடுவர், தலைக்கு எழுநூறு.
இருபத்தோராயிரத்தை ஆறால் வகுத்தேன்.
மீதியில்லாமல் மூவாயிரத்து ஐந்நூறு.
கணக்கு அதோடு நின்றிருந்தால்
ஐந்தரை பஸ்ஸுக்கே உடுமலை போயிருப்பேன்.

பொள்ளாச்சியில், தென்னை மஞ்சி வாசம்
ஜன்னலேறி வரும் உடற்கல்வி அறை.
ஆறு பேருக்கு ஆறு தேங்காய் பன்.
பல்லடத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த
நடுவர் ரவூப் சாருக்கு ஏழாவது.

"அவங்கவங்க வண்டிச் செலவு அவங்கவங்களுதுங்க,
இதுல பேச என்னங்க இருக்குது?"
என்றார் கோவை நாச்சிமுத்து சார்.
அவர்களுக்குச் சொந்த பஸ்,
சீட்டுக்குச் சீட்டு வெள்ளைத் துண்டு,
சீசன் முழுக்க ஓட்டம் நூற்றெண்பது கிலோமீட்டர்.

வால்பாறை மரியபுஷ்பம் டீச்சர் பதில் பேசவில்லை.
ரப்பர் பேண்டைக் கழற்றி
பஸ் டிக்கெட்டுகளை மேஜையில் பரப்பினார்.
ஐந்து ஆட்டமும் கீழே.
போக வர ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
பாதி டிக்கெட்டில் மை பறந்துபோய்
வெறும் வெள்ளைத் தாள்.
வெளுத்த தாளை வவுச்சரில் ஒட்ட
எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பலகையில் எழுதினேன்:
எல்லார் தூரத்தையும் கூட்டு, ஆறால் வகு,
குறைய ஓடியவர் கூட ஓடியவருக்குக் கொடு.
நடுவரின் பெட்ரோலையும் அதிலேயே சேர்.
தாராபுரம் சரி என்றது.
திருப்பூர் யாருக்கோ போன் போட்டுவிட்டுச் சரி என்றது.
நாச்சிமுத்து சார் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.
"மேனேஜ்மென்ட்ல கேக்கோணுங்க.
அவங்க மலைமேல இருக்கறது எங்க தப்புங்களா?"
கேட்டுவிட்டு அவரே குனிந்துகொண்டார்.

ரவூப் சார் வந்ததும் வராததுமாக
எழுநூறு ரூபாயை மேஜையில் வைத்தார்.
"திருப்பூர்ல மழை வந்துருச்சுங்களே மேடம்,
மூணு பாயிண்டுக்குத்தான் விசிலு ஊதினேன்."
திருப்பித் தள்ளினேன்.
மழை பாதியில் வரும்; பெட்ரோல் பாதித் தூரத்துக்கு மட்டும் தீராது.

அவர் தன் பன்னை எடுத்து இரண்டாகப் பிட்டு
ஒரு பாதியை வாசல் பக்கம் நீட்டியபோதுதான் பார்த்தேன்,
வால்பாறை கேப்டன் ரோஸ்லின்
அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறாள்.
எட்டாவது ஆள். என் எண்ணிக்கையில் இல்லை.

அவள் பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:
"காசு குடுங்க மேடம், வேண்டாங்கல.
நாப்பது வளைவு எறங்கி, வாந்தி எடுத்துட்டு
மொத செட்டு ஆடுறோமே,
அத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?
ஒரு ஆட்டம் மேல வைங்க."

டீச்சர் அவளை அதட்ட வாயெடுத்தார்.
அதட்டவில்லை.

தை மாதம், இரண்டாம் சனிக்கிழமை,
வெள்ளைத் துண்டு போட்ட பஸ் ஆழியாறு தாண்டி ஏறியது.
கணக்கெழுத நானும் முன்சீட்டில்.
ஒன்பதாவது வளைவில் ஒருமுறை நிறுத்தினோம்,
இருபத்திரண்டில் மறுபடி.
மூன்றாம் முறை நிறுத்தச் சொன்னது நாச்சிமுத்து சார்.
இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் பள்ளத்தைப் பார்த்து நின்றார்.

மேலே பனிமூட்டத்துக்குள் ரவூப் சாரின் விசில் மட்டும் கேட்டது.
முதல் செட் இருபத்தைந்துக்குப் பதினொன்று, வால்பாறைக்கு.
இரண்டாவதைக் கோவை எடுத்தது.
மூன்றாவது யாருக்கு என்பது நோட்டில் இல்லை,
நோட்டு செலவுக்கு மட்டும்தான்.

இறங்கும்போது பேனாவைத் திறந்து கேட்டேன்:
எலுமிச்சம்பழம் இரண்டு டஜன், பாலிதீன் கவர் ஒரு கட்டு,
யார் பேரில் எழுத?
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"பொதுவுல எழுதுங்க மேடம்.
போன வருசத்ததையும் சேத்து."