இடது காது விடுப்பில்

கமர்ஷியல் தெருவில் மாடிப்படி ஏறி மூன்றாவது கடை.
ஊசிதான், துப்பாக்கி கிடையாது என்று
முதலிலேயே சொல்லிவிட்டான் கையுறைக்காரன்.
"மூச்சை விடுங்க."
விட்டேன்.
வெள்ளரிப்பிஞ்சைக் கடித்த சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.
திருகக் கூடாது.
அந்தப் பக்கம் படுக்கவே கூடாது.

ஆறு வருடமாய் ஹெட்செட் இடது காதில்.
கடனட்டைக்காரர்களின் வசவை
அதில் வாங்கி இதில் விட்டுப் பழக்கம்.
இப்போது வலதில் வாங்குகிறேன்.
வெளியே விட வழியில்லை,
இடது வாசலில் டைட்டானியம் காவல்.

மாரத்தஹள்ளி பாலத்தடியில்
ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் கண்ணில் நீர்.
பைக் டாக்ஸிக்காரர் பதறி
சில்லறையைக் கூடுதலாகத் தந்துவிடுகிறார்.

மூன்றாம் வாரம் மிளகளவு புடைப்பு.
யாழரசி டார்ச் அடித்துப் பார்த்தாள்.
"சீழ் இல்ல. நீ தூக்கத்துல புரண்டிருக்க."
உப்புநீரைப் பீய்ச்சினாள், கழுத்தெல்லாம் வழிய.

சம்பள உயர்வு அடுத்த காலாண்டில் நிச்சயம் என்று
டீம் லீடரும் காது குத்துகிறார்.
அந்தத் துளைக்கு மட்டும்
ஸ்ப்ரே எதுவும் தருவதில்லை.

இரவுப் பணி முடிந்து வந்து
சுவரைப் பார்த்தே தூங்கியவள்
இந்த மாதம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.
காலை எட்டேகால்.
எதிர் மொட்டைமாடியில் ஒருவர்
ஒற்றைச் சாக்ஸைக் கொடியில் போட்டுவிட்டு
கிளிப்பைத் தேடுகிறார்,
சட்டைப்பையில், வாளிக்குள், தொட்டிக்குப் பின்னால்.
காற்று வேறு அடிக்கிறது.

கண் சொருகுகிறது.
கிளிப் கிடைக்கட்டும்.