உறை பிரியாதது

லாங் பஜாரில் வெங்காய மண்டிக்கு மேல்மாடி, என் கடை.
மேஜை ஒன்று, லென்ஸ் ஒன்று,
அக்னி நட்சத்திரத்தில் சளைத்துப்போன மின்விசிறி ஒன்று.

பிற்பகல் ஷிப்டுக்கு முன்னால் வந்தார்
சிஸ்டர் எப்சிபா ராஜரத்தினம்.
துண்டில் சுற்றிய நீலப் பெட்டி:
மும்பை நாணயச்சாலை, ப்ரூஃப் செட், நான்கு காசு.
அசன்சோலிலிருந்து வந்து
எட்டு வாரம் வார்டில் கிடந்தவரின் மனைவி
போகிற அன்று கையில் திணித்ததாம்.
அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.
சீல் உடைக்கலையே, என்றுதான் கேட்டேன்.

உடைக்கவில்லை. பதினேழு வருஷம்.
அட்டை உறை மூலை மழுங்காமல்,
சான்றிதழ் மடிப்புக் கலையாமல்.
விலை சொன்னேன். நல்ல விலை.
காசுக்குப் பாதி, கட்டியிருக்கும் கட்டுக்குப் பாதி,
இந்தத் தொழில் அப்படி.
பூக்காரியிடம் நீட்டினால் செல்லும்;
நீட்டாமல் இருப்பதற்குத்தான் விலை.

அவர் பணத்தை எண்ணவில்லை.
லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.
கண்ணாடித் தளத்தில், சிங்கத்தின் காதோரம்,
பச்சையாய் ஒரு புள்ளி.
ஊசிமுனைதான். நானும் பார்த்திருந்தேன்.

"உறை பிரியலையே, எப்படி?"
உறையால்தான் சிஸ்டர்.
அந்த பிளாஸ்டிக் மெத்தென்று இருக்கிறதே,
அதற்காகக் கலந்த எண்ணெய்
நம்ம ஊர் வெயிலில் கசியும். கசிந்தால் கடிக்கும்.
"விட்டா?"
பரவும்.
"வெட்டினா?"
அசிட்டோனில் கழுவலாம். நின்றுவிடும். விலை பாதி.
"வெட்டாம வாங்கி நீங்க என்ன பண்ணுவீங்க?"

கீழே மூட்டை இறக்குகிற சத்தம்.
வெட்டாம விற்பேன், என்றேன்.

சிரித்துவிட்டார்.
"எங்க வார்டுல சீல் பிரியாத பாக்கெட்டையும்
வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்போம்.
உள்ளே ஈரம் தெரிஞ்சா, அவ்வளவுதான்."
கத்தரிக்கோல் கேட்டார்.

பையிலிருந்து கையுறை வந்தது.
இருபது வருஷமாய் நான் பிடிப்பதைவிடச் சுத்தமாய்
விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தார் ஒவ்வொன்றாய்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்,
என் எச்சில் பட்டுவிடுமோ என்று.
நடுவில் எதுவும் இல்லாமல்
அந்தக் காசுகள் கண்ட முதல் முகம் அவருடையது.

கழுவி, ஒற்றி, காயவைத்தோம்.
பச்சை போன இடத்தில் சின்னதாய் ஒரு மங்கல்.
அது போகாது என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.
கெட்டியான குப்பி நான்கு என்னிடமே வாங்கினார்,
ஒன்றுக்கு ஐந்து ரூபாய் குறைத்து.

காசை அவர் விற்கவில்லை.
விற்றது பெட்டியை.
கோயமுத்தூரில் ஒருத்தர், காசை வைத்துக்கொண்டு
பெட்டிக்கு அலைகிறார், இரண்டு வருஷமாய்.
அட்டை, சான்றிதழ், வெல்வெட்டில் நான்கு வட்டக் குழி,
சேர்த்து எழுநூறு கொடுத்தேன்.

அவர் படியிறங்கி
மணிக்கூண்டுப் பக்கம் போன பிறகு
தூசு படக்கூடாதே என்று
அந்தக் காலிப் பெட்டியை
ஒரு புது உறையில் போட்டு
ஒட்டினேன்.