எவ்வளவு திரும்பியது

மாவுக்கட்டைப் பிளந்து எடுத்துத் தந்தார்கள்
ஆறு வாரம் குளிக்காத யாரோ ஒருத்தியின் கையை.
தோல் அப்பளப் பொருக்காக உதிர்ந்தது.
முழங்கை வரை கருகருவென்று முடி.
பழைய வளையல்
சோப்பில்லாமலே ஏறி
சோப்பில்லாமலே இறங்கியது.

செக்காலை ரோட்டு மாடியில்
பிசியோதெரபி ஆரோன்
பிளாஸ்டிக் அளவுகோலை மணிக்கட்டில் வைத்துப் பார்த்து
"கவுக்கிறது பரவாயில்லக்கா,
மல்லாத்துறதுதான் லேட்டாகும்" என்றான்.
கவிழ்த்தால் எண்பது டிகிரி.
மல்லாத்தினால் பதினைந்து.

கொடுக்க வரும். வாங்க வராது.
நான் செய்வதோ வசூல் வேலை.

செவ்வாய் கோட்டையூர், புதன் பள்ளத்தூர்,
வியாழன் கானாடுகாத்தான்.
மகளிர் குழுக்களின் வாரத் தவணை,
தலைக்கு அறுநூற்றிருபது.
நீட்டிய கையோடு பதினோரு வருஷம்.
அந்தக் கையோடுதான்
பெயிண்ட் அடிக்காத வேகத்தடையில் போய் விழுந்தேன்,
வசூல் பை மேலே, கை கீழே.
ஒரு ரூபாய் குறையவில்லை என்று
மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்து பாராட்டினார்.

இரவில் உப்புப் போட்ட வெந்நீர்.
பிறகு தோசைத் திருப்பியைச் செங்குத்தாகப் பிடித்து
மெல்ல வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும்.
எத்தனை ஆயிரம் தோசை புரட்டிய கை,
தன்னைப் புரட்டச் சொன்னால்
பாதி வழியில் நின்று நடுங்குகிறது.

அரியக்குடிப் பெருமாள் கோயிலில்
தீர்த்தம் வாங்கத் தோளைச் சாய்த்தேன், போதவில்லை,
இடுப்பையும் சாய்த்தேன்.
பின்னால் நின்றவர்கள்
ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.
தீர்த்தம் முழங்கை வழியே
புடவைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏழாவது வாரம், கோட்டையூர்.
நீட்டினேன்.
சுவரில் பல்லி மாதிரி குப்புறவே நிற்கிறது.
சரி என்று இடது கையை நீட்டினால்
"பீச்சாங்கையிலயா லட்சுமிய வாங்குவீக?"
இருபது பேரும் நோட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.
வாராவாரம் ஒரு சாக்கு வைத்திருக்கும் பஞ்சவர்ணம்
குனிந்து என் கையைப் பார்த்தாள்.
"பாருங்கடி, காசு வேணாங்குது.
அக்காவுக்கு இல்லாத மனசு
அக்கா கைக்கு இருக்கு."

குழுவே சிரித்தது. நானும்தான்.
போன ஐப்பசியில்
அவள் கிரைண்டரைத் தூக்கி வரச் சொன்னது இந்த வாய்.
ஆட்டோவில் ஏற்றும்போது
மாவு காயாத கல்லைப் பிடித்துக்கொண்டது இந்தக் கை.
அவளுக்கு அது ஞாபகம் இருந்தது.
எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று
சிரிப்புக்கு நடுவில் ஒரு தரம் பார்த்தாள்.

அன்றைக்கு எல்லாரும்
மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.
காற்றடிக்க, நோட்டுகளின் மேல்
கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.
அது நன்றாகவே வந்தது.

பத்தாவது செவ்வாய்.
வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாள் பஞ்சவர்ணம்.
நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்:
"எவ்வளவு திரும்புச்சு?"
என் கேள்வி. என் குரல்கூட.

"நாப்பது."

"எனக்கு நானூறு" என்று
சரிந்த உள்ளங்கையில் நாலு நோட்டை வைத்தாள்.
அவை வழுக்கப் போக,
தன் கையால் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி
அழுத்திப் பிடித்தாள்.
மணிக்கட்டில் சுரீரென்றது.
விடச் சொல்லவில்லை.

"மிச்சம்?"

"ஒனக்கும்தான் மிச்சம் இருக்கு"
என்று செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

லெட்ஜரைத் திறந்து
ஒன்றாம் வகுப்புக் கையெழுத்தில்
கோட்டை விட்டு இறங்கி எழுதினேன்:
பஞ்சவர்ணம், வரவு நானூறு.
நிலுவை இருநூற்றிருபது.