இரண்டு மணிக்கட்டு

சார்ஜாவில் முக்குளிப்புப் படகு ஓட்டிய மச்சினன்
கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்.
கடிகாரத்தைவிடத் தடிமன். கண்ணாடியில் ஒரு கீறல்.
எட்டு பாகம் என்று வள்ளத்தில் நாங்கள் சொன்னால்
பதினாலு புள்ளி ஆறு என்று அது திருத்தும்.
இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று
ஓர் எண் காட்டும்.
சிலிண்டரில் மிச்சக் காற்று எவ்வளவு
என்கிற கட்டத்தில் மட்டும்
எந்நேரமும் மூன்று கோடு.

எங்களுக்கு ஏது சிலிண்டர்.
அப்பா தீவுக்குத் தெற்கே நங்கூரம் போட்டதும்
கம்ப்ரசர் மேலே இரைய ஆரம்பிக்கும்.
முப்பது பாகம் மஞ்சள் டியூப்
டீசல் வாடையோடு பல்லிடுக்குக்கு வந்துவிடும்.
சகுபர் எண்ணெய் ஊற்றும்வரை மூச்சு உண்டு.

"சிலிண்டர் தீர்ந்தா அதுவே ஆளை மேல அனுப்பிரும்,
உங்களை எது மச்சான் அனுப்பும்?"
மச்சினன் கேட்டபோது
பசி அனுப்பும் என்றான் யாகப்பன்.
சிரித்தோம்.

டியூப் ஒன்று. கம்ப்யூட்டரும் ஒன்று.
விடிந்து பத்து மணிவரை என் கையில்.
நான் ஏறியதும் ஈரத்தோடு கழற்றி
அவன் கையில் மாட்டுவேன்.
அவன் மணிக்கட்டு பெரிது, இரண்டு துளை தள்ளி.
துளை மாறியது அதற்குத் தெரியாது.
என் ரத்தத்தில் ஊறியதையும்
அவன் கணக்கில்தான் எழுதும்.
இறங்கிய ஏழாவது நிமிடமே கத்தும்:
மேலே போ, மேலே போ.

நாலு நாள் பொறுத்தான்.
சங்கு அப்போதுதான் மணலைவிட்டு
முதுகு காட்டத் தொடங்கியிருக்கும்,
இது கத்தும்.
சாக்கு எடையைப் பார்த்துச் சம்மாட்டி
ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாதது உறைத்தது.

ஐந்தாம் நாள்
கடல் எண்ணெய் தடவிய மாதிரிக் கிடந்தது.
போகும் வழியில் கம்ப்யூட்டரைக் கழற்றி
நங்கூரக் கயிற்றில், இரண்டு பாகத்தில்,
கட்டிவிட்டு இறங்கியிருக்கிறான்.
எனக்குத் தெரியாது.
நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

இரண்டேகால் மணி நேரம்.
அறுபத்தெட்டு சங்கு, அளவு வளையத்தில் நழுவாதவை.
சிரித்துக்கொண்டே ஏறினான்.
பீடி பற்றவைக்கக் கை தூக்கியவன்
தூக்கியபடியே நின்றான்.
தோளுக்குள் யாரோ
திருப்புளி வைத்துத் திருகுகிற மாதிரி என்றான்.
கரைக்கு வருவதற்குள்
வலது காலும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
முகத்தில் ஆக்சிஜன் வைத்துவிட்டு
டாக்டரம்மா கேட்டாள்:
எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்?
கம்ப்யூட்டரை நீட்டினேன்.
பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.
அதன் கணக்கில் இன்று கடலில் ஒரே ஆள்தான்.
காலையில் எட்டு பாகத்தில் வேலை செய்து,
கொஞ்சம் ஓய்ந்து,
பிறகு இரண்டு பாகத்தில்
இரண்டேகால் மணி நேரம்
அலையோடு ஏறி இறங்கி மிதந்த
ரொம்ப ஒழுங்கான ஆள்.

"யார் இது?" என்றாள்.
பாதி நான் என்று சொல்ல வாய் வந்தது.
மீதி, நங்கூரக் கயிறு.

ஆம்புலன்ஸ் வரட்டும், வேறு ஊருக்கு அனுப்பணும்,
அழுத்த அறை இருக்கிற இடத்துக்கு என்றார்கள்.
வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.
திரையின் ஓரத்தில் ஒரு சின்ன விமானம்,
குறுக்கே ஒரு கோடு.
பறக்கக் கூடாதாம்.
யாகப்பன் பரமக்குடி தாண்டியதில்லை.

உள்ளே போய் அவன் கையில் கட்டினேன்,
அவனுடைய துளையில்.
கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
"கத்துதா?"
இல்லை என்றேன்.
மேலே வந்து நாலு மணி பன்னிரண்டு நிமிடம்
என்று காட்டிக்கொண்டிருந்தது.
பதின்மூன்று.