மூன்றாம் மாடிக் கையெழுத்து

வர்கெத்திலியில் எங்கள் கட்டடத்துக்கு
அறைகள் முதுகுப்பக்கம் முளைக்கும்.
தரையிலிருந்து ஆறு இரும்புத் தூண்கள்.
முதல் மாடிக்காரர் ஓர் அறையை ஒட்டவைப்பார்.
அதன் கூரை இரண்டாம் மாடிக்குத் தரை,
அதன் கூரை அடுத்தவருக்கு.
நடுவில் ஒருவர் மாட்டேன் என்றால்
அவருக்கு மேலே இருப்பவர்கள்
வரைபடத்தை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

அந்த ஒருவர் சியாலா.
மெட்ரோ நிலையத்தில் முப்பது வருடம்
இறங்கிப்போகும் முகங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்.
"இருக்கிற இரண்டு அறையில் ஒன்றையே
நான் பெருக்குவதில்லை" என்றாள்.
கையில் காசில்லை, அதைச் சொல்ல வாயில்லை
என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.
காசு எங்களிடமும் இல்லை.
எங்களுக்குக் கடன் கிடைத்திருந்தது.

நான் நான்காம் மாடி.
ஒரு திரைச்சீலை,
அதற்கு அந்தப் பக்கம் மகன், மருமகள், அவள் பியானோ.
இந்தப் பக்கம்
தும்மலை விழுங்கப் பழகியிருந்த நான்.

பதினெட்டுச் சதுர மீட்டர் கூடினால்
விலை மூன்றில் ஒரு பங்கு ஏறும்
என்று தரகன் வாஜா சொல்லியிருந்தான்.
ஏழாம் மாடி பீமென் அந்தத் தொகையை
லிஃப்டுக்குள் ஆணியால் கீறி வைத்தான்.
நாணயம் போட்டால்தான் நகரும் லிஃப்ட்.
போடும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

சியாலாவிடம் கேக் கொண்டுபோனோம்.
நதேலா அழுது பார்த்தாள்.
பீமென் கத்தினான், பிறகு அவனும் அழுதான்.
கடைசியில் அந்த யோசனையைச் சொன்னது நான்தான்.
அன்று பெருமையாகவும் இருந்தது.
"அவள் அறையை நாமே கட்டிவிடுவோம்.
நமக்கு வேண்டியது அவள் கூரைதானே."

கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பேனாவின் மூடியைத் திருகியபடி கேட்டாள்:
"உள்ளே போய் இருக்க வேண்டும் என்று
இதில் எங்காவது எழுதியிருக்கிறதா?"
சிரித்தோம்.

மல்காஸ் பற்றவைத்தான்.
இரவிலும் பொறி பறந்தது.
கழித்துப்போட்ட பேருந்தின் ஜன்னல்களை
நான் மலிவாகப் பிடித்தேன்,
ஒன்றில் இன்னமும் இருந்தது
'ஆபத்தில் உடைக்கவும்'.
தரை லேசாகச் சரிவு.
பியானோவின் ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தோம்.
ஆறு மாடிகளிலும் பழைய சுவரை
உடைத்து உள்ளே நுழைந்தார்கள்,
தூசியோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடியில் சுத்தியல் சத்தமே இல்லை.
சியாலா பால்கனிக் கதவைப் பூட்டி
அலமாரியை இழுத்து அதன்மேல் சாத்திவிட்டாள்.
எங்கள் செங்கல், எங்கள் மணல்,
பீமெனின் மனைவி விற்ற மோதிரம்,
எல்லாம் சேர்ந்து
புறாக்களுக்குப் பதினெட்டுச் சதுர மீட்டர்.

வங்கிக்காக அளக்க வந்த வாஜா
அதையும் அவள் கணக்கில் எழுதப்போனான்.
"அது என் அறையில்லை" என்றாளாம்.
"மேலே இருப்பவர்களின் கால்."

முதல் பனிக்காலத்தில்தான் புரிந்தது.
அடுப்பே கண்டிராத அந்த அறையின் குளிர்
வேறு எங்கே போகும்?
என் தரை வழியே ஏறியது.
மருமகள் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு
மிதிகட்டையைத் தேடினாள்.
கம்பளம் போட்டேன், அதன்மேல் இன்னொன்று.
ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கீழே இறங்கிப் போய்
ஒரு கணப்பு வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.
சியாலா தேநீர் ஊற்றிக்கொண்டே,
"கட்டிக் கொடுத்தவர்கள் மூட்டியும் கொடுக்கலாமே.
சாவி வேண்டுமா?" என்றாள்.
அவள் வீட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.
சாவியை வாங்காமல் வந்தேன்.

மகன் போலந்து போய்விட்டான்.
பியானோவைக் கயிறு கட்டி இறக்கினோம்.
விலை ஏறியிருந்தது. வாஜா பொய் சொல்லவில்லை,
மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே.

பிப்ரவரியில் வீடு பார்க்க ஒருவர் வந்தார்.
பேருந்து ஜன்னல் வழியே மலை தெரிந்ததும்
முகம் மலர்ந்துவிட்டது.
நல்ல வளர்ப்பு,
புது அறையின் வாசலில் நின்று குனிந்து
காலணியின் முடிச்சைத் தொட்டார்.

கழற்ற வேண்டாம் என்றேன்.
அப்படியே வாருங்கள்.
மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.