அரை ரிக்கற்

கிளினிக் கொப்பியில்
என் பெயருக்கு நேரே மூன்று விதக் கையெழுத்து.
போன வியாழன் போட்டது இடக்கையால்.
நான் வலக்கைக்காரி.

சுகிர்தா மிஸ் அதைத் திருத்தவில்லை.
"இண்டைக்கு ஆர் வந்திருக்கிறீங்கள்?" என்றா.

எங்கோ கதவு அடிபட
நான் கூரைக்குப் போய்விட்டேன்.
கீழே ஒருத்தி
என் சட்டையோடு இருந்தாள்.

"கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லுங்கோ,
அவசரமில்லை."
மேசை. மின்விசிறி.
யன்னலுக்கு வெளியே மான்,
லொத்தர் சீட்டுத் தின்னுகிற மான்.

சிரித்தது
ஒன்பது வயசுக்காரி.
அவளை அந்த அறையில் விட்டு வந்து
இருபத்தாறு வருசம்.
ஏனென்று கேட்கவில்லை.
பசிக்குது என்றாள்.

பின்னேர பஸ்ஸில்
"நிலாவெளி. ஒரு முழு, ஒரு அரை."
கொண்டக்டர் குனிந்து பார்த்தான்:
"அரை எங்கை?"

யன்னலோரத்தை விட்டு
இந்தப் பக்கம் இருந்தேன்.