அப்படித்தான்

ஒரு கேன் இருபது லிட்டர்.
தோளில் வைத்து மூன்று மாடி ஏறுவான்
என் தம்பி குணசீலன்.
சூளையில் எங்கள் தெருவின் படிகளெல்லாம்
அவன் காலுக்கு மனப்பாடம்.

ஐப்பசியில் ஒருநாள்
இரண்டாம் மாடியில் கேனை இறக்கி
அதன்மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டான்.

சோம்பல் என்றார் தண்ணீர்க் கடைக்காரர்.
மழைக்காலம்தானே என்றாள் எதிர்வீட்டு ஹலீமா.
கிளினிக்கில் டாக்டர் அவனைப் பார்க்காமல்
என்னிடம் சொன்னார்:
"இந்த மாதிரி பிள்ளைங்க அப்படித்தாம்மா."
பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு.
காதோரம் நரை, முகமெல்லாம் வீக்கம்.
முந்நூறு ரூபாய் கொடுத்து
அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு
பஸ் ஏறினோம்.

மூன்றாம் மாடி பார்கவிதான் விடவில்லை.
"பெல்லை மூணு தரம் அடிப்பான்,
இப்ப ஒரு தரம் அடிச்சிட்டுச் சுவத்துல சாயுறான்.
குரலும் கட்டிப்போச்சு.
என்னமோ இருக்கு, கூட்டிட்டுப் போ."

மாநகராட்சி சுகாதார நிலையம்.
"அப்படித்தான்னு ஒரு வியாதி கிடையாது" என்றார்
நர்ஸ் செலின். ரத்தம் எடுக்க வேண்டும்.
ஊசியைக் கண்டதும் குணா மேசைக்கடியில்.

யாரும் இழுக்கவில்லை.
செலின் தரையில் உட்கார்ந்து
ரப்பர் பட்டையைத் தன் கையில் கட்டினார்,
என் கையில்,
பிறகு மேசையின் காலில்.
உள்ளிருந்து சிரிப்புச் சத்தம்.
"நாளைக்கு வா. ஊசி இல்ல, சும்மா கட்டிப் பாக்கலாம்."
நான்கு நாள் சும்மா கட்டினார்.
அந்த நான்கு நாளும் எனக்குப் பாதிச் சம்பளம்.
ஐந்தாம் நாள் அவனே கையை நீட்டினான்,
முகத்தை மட்டும்
ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டு.

தைராய்டு.
விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.
காலண்டர் தாளைக் கிழித்து
அதன்மேல் மாத்திரையை வைத்து
ஒருமுறை உற்றுப் பார்த்த பிறகுதான்
டம்ளரைத் தொடுவான்.
நான் மறந்தாலும் அவன் மறப்பதில்லை.

தை பிறந்தது.
மூன்றாம் மாடியில் பெல்
மறுபடி மூன்று தரம். பார்கவி திட்டுகிறாள்.

மறு பரிசோதனைக்குப் போனோம்.
"வேற என்ன செய்யுது?"
நான் வாயைத் திறந்தேன்.
"உங்களக் கேக்கலம்மா" என்றார் செலின்.

ஃபேன் சுற்றியது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
அடுத்த சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
செலின் பேனாவை மூடி வைத்துவிட்டு
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் விரல் மெல்ல எழுந்து
இடது காதைத் தொட்டது.
"இங்க வலிக்குது.
மழைக்கு முன்னாடிலேர்ந்து."

எந்த வருஷத்து மழை
என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.